தை மாதத்து மழை

பொங்கல் கழிந்த வாரத்தில் உடும்பஞ்சோலை மலையில் மழை பெய்வதில்லை. காற்றுதான். கிழக்கே தமிழ்நாட்டுப் பள்ளத்திலிருந்து ஏறி வருகிற காற்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துத் தகரக் கூரைகளை உலுக்கிவிட்டு, ஏலச் செடிகளுக்குள் புகுந்து தோகைகளைக் கிழித்துப்போடும். அந்த ஒரு வருஷம் மட்டும் தை மாதத்தில் மழை பெய்தது. மேல்தோட்டத்து ஏலக்காய் ஸ்டோருக்கு முன்னால் இருக்கிற களத்தில் மட்டும், விடிகாலையிலிருந்து பொழுது சாய்கிறவரை பெய்தது. களத்தைத் தாண்டிப் பத்தடி வைத்தால் வெயில்.

லண்டனிலிருந்து ஒரு டிவி கம்பெனி வந்திருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய தோட்டத்துக் கதை ஒன்றைத் தொடராக எடுத்தார்கள். அதில் கூலிப்பெண்கள் நாற்பது பேர் கொட்டுகிற மழையில் கூடையோடு வரிசையாக நிற்க வேண்டும். துரை குடை பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தபடி நடந்து போவான். காய் எடுப்பு ஓய்ந்து வேலை குறைந்திருந்த நேரம். நெடுங்கண்டத்தில் இருந்துகொண்டு கல்யாணப் பந்தலுக்கும் கட்டட வேலைக்கும் ஆள் பிடித்து அனுப்புகிற தங்கதுரை லயத்துக்கு வந்து கேட்டபோது, பெண்கள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அவர்களில் மாரீஸ்வரியும் அவளுடைய நாத்தனார் சாந்தம்மாளும் இருந்தார்கள். மாரீஸ்வரியின் புருஷன் ஈஸ்வரன் தவணைக் கடனில் வாங்கியிருந்த ஜீப்பையும் கம்பெனி மூன்று மாதத்துக்கு வாடகைக்குப் பேசியிருந்தது.

மாரீஸ்வரிக்கு மழை புதிதல்ல. இருபத்துமூன்று வருஷமாக ஆடி ஆவணி மழையில் ஏலச் செடியின் தூரில் குந்தி உட்கார்ந்து, பழுத்த காயை மட்டும் பார்த்துப் பறிக்கிற கை அவளுடையது. விரல் நுனியில் ஏறிய கறை எந்தச் சோப்புக்கும் போனதில்லை. ஆனால் நிஜ மழையில் எப்படி நனையாமல் இருப்பது என்று தோட்டத்துப் பெண்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் படுதாவைத் தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்தி, இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். சினிமா மழையில் படுதாவுக்கு இடமில்லை. நூறு வருஷத்துக்கு முந்தி பிளாஸ்டிக் ஏது? முரட்டுச் சேலை, தலையில் ஒரு சாக்குத் துண்டு, அவ்வளவுதான். ஓடைக்குட்டையிலிருந்து பம்பு இழுத்துக் கொட்டுகிற தண்ணீரோ பனிக்கட்டியைக் கரைத்தது மாதிரி இருந்தது.

நனைவதைக்கூடத் தாங்கிக்கொண்டார்கள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் துணி காயக் கூடாது என்றதுதான் தாங்க முடியாததாக இருந்தது. முதல் நாள் யாரோ ஒருத்தி வெயிலுக்கு நகர்ந்தபோது, மொழிபெயர்க்க வந்திருந்த கிருத்திகா ஓடிவந்து தடுத்தாள். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரி, இருபத்தாறு வயது, மலையாளமும் இங்கிலீசும் தண்ணீர் பட்ட பாடு. அவளுடைய தமிழ் மட்டும் கோயம்புத்தூர்க்காரர்கள் பேசுகிற தமிழ். காய்ந்த துணியோடு நின்றால் முந்தின காட்சியோடு ஒட்டாதாம், அதனால் ஈரமாகவே நிற்கச் சொல்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அதைச் சொல்வதற்கே அவளுக்குக் கூச்சமாக இருந்ததை மாரீஸ்வரி கவனித்தாள்.

இன்னொன்றையும் கவனித்தாள். வெள்ளைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்தார்கள். காலை எட்டு மணிக்கு வருவார்கள். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஏழு மணி அடித்தால் அரைகுறையாக நின்ற ஷாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுவார்கள். மறுநாள் எட்டு மணிக்கு முன்னால் அவர்களைக் கூப்பிட எந்தக் கொம்பனாலும் முடியாது. பெண்களையோ நாலரையிலிருந்தே ஜீப்பில் நடை நடையாக ஏற்றி வந்து, ஆறு மணிக்கு யூனிட்டின் உள்ளூர் ஆட்கள் மழையில் நிறுத்தி ஒத்திகை பார்த்தார்கள். சாயங்காலம் சேலையை மடித்துக் கொடுத்து, ஜீப்புக்குக் காத்திருந்து லயம் போய்ச் சேர எட்டரை ஆகும். யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. கடிகாரம் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓடியது.

மூன்றாம் நாள் சாந்தம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு இருக்கிறவள். அதிகம் பேச மாட்டாள். போக வேண்டாம் என்று மாரீஸ்வரி சொல்லிப் பார்த்தாள்.

“வரிசையில என் எடம் காலியா இருந்தா படத்துல தெரிஞ்சிருமாம் மதினி. இன்னும் கொஞ்ச நாளுதான,” என்றாள் சாந்தம்மாள்.

நாலாம் நாள் மத்தியானம் அவள் கூடையோடு சரிந்தாள். நடிப்பு என்று நினைத்து கேமரா இன்னும் கொஞ்ச நேரம் ஓடியதாக மற்றவர்கள் சொன்னார்கள். மாரீஸ்வரி தூக்கியபோது உடம்பு அடுப்புக் கல்லாகச் சுட்டது; உதடு மட்டும் நீலம். ஈஸ்வரன் ஜீப்பில் போட்டு நெடுங்கண்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நிமோனியா, இரண்டு பக்கமும் சளி கட்டியிருக்கிறது என்றார்கள்.

வைத்தியச் செலவைத் தங்கதுரையிடம் கேட்டபோது அவன் கைபேசியில் ஒரு தாளைக் காட்டினான். அதில் நடிகர்கள் பெயரும் யூனிட்காரர்கள் பெயரும் வரிசையாக இருந்தன. கடைசியில் ‘கூட்டம் 40’ என்று ஒரு வரி. சாந்தம்மாள் என்று யாரும் அதில் இல்லை. காய்ச்சலோடு வந்தது அவள் தப்பு, கம்பெனி என்ன செய்யும் என்றான் அவன்.

அன்று சாயங்காலம் மாரீஸ்வரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே இரண்டு போன் பேசினாள். ஏழு வருஷத்துக்கு முந்தி, ஈரக்காய் மூட்டையைப் பெண்கள் தலையில் ஏற்றி மேட்டுக்குச் சுமக்கவைத்ததை எதிர்த்துப் பத்தொன்பது நாள் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து, கடைசியில் டிராக்டர் வரவழைத்த பெண்களில் அவளும் ஒருத்தி. அந்தப் பழக்கத்தில் தோட்டத்துச் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டாள். சினிமா ஜோலி நம்முடைய சங்கத்தில் வராது, அதற்கு வேறு சங்கம் உண்டு என்றார் அவர். படப்பிடிப்பில் இருந்த லைட்மேன் சூசையப்பன் கொடுத்த நம்பரில் சினிமாச் சங்கத்தைக் கூப்பிட்டாள். கார்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. முன்னே எத்தனை படத்தில் வேலை செய்திருக்கிறீர்கள்? இதுதான் முதல். அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாது என்று மரியாதையாகவே வைத்துவிட்டார்கள்.

ஈஸ்வரன் பால் விடாத கட்டன்சாயா வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“ஜீப்பு அவுக கையில ஓடுது மாரி. தவணை முடியிற மட்டும் பொறுத்துக்கலாம்ல.”

“உங்க தங்கச்சி மூச்சு இழுக்கிற சத்தம் கேக்குதா உங்களுக்கு?”

“கேக்குது.”

“அப்புறம் என்ன.”

மறுநாள் காலை நாலரை தொடங்கி அவனேதான் பெண்களை நடை நடையாக ஏற்றிக்கொண்டு போய் ஸ்டோரில் இறக்கினான்.

முப்பத்தொன்பது பேரும் இறங்கினார்கள். ராத்திரியே லயத்தில் மாரீஸ்வரியோடு பேசி முடிவெடுத்திருந்தபடி யாரும் களத்துக்குப் போகவில்லை. காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள், சூளையின் இளஞ்சூடு இருக்கிற தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வெளியே மழை ஆறு மணிக்குத் தொடங்கி, யாரும் இல்லாத களத்தில் ஒரு மணி நேரம் பெய்தது. அப்புறம் தங்கதுரை வந்தான். கெஞ்சினான், மிரட்டினான். எட்டு மணிக்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். டைரக்டருக்கு உதவியாக இருந்த ஒருவன் கிருத்திகாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து, என்ன விஷயம் என்று கேட்டான்.

மாரீஸ்வரி எழுந்து நின்று சொன்னாள். இரண்டு ஷாட்டுக்கு நடுவில் உடுத்திக்கொள்ளக் காய்ந்த துணியும் குளிர்காய நெருப்பும் வேண்டும். மத்தியானம் சூடான கஞ்சி வேண்டும். யூனிட்டுக்கு எந்தக் கடிகாரமோ அதே கடிகாரம் எங்களுக்கும் வேண்டும். சாந்தம்மாள் வேலை செய்கிற இடத்தில் விழுந்தாள். அதை எழுதிக்கொடுத்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

கிருத்திகா வாயைத் திறப்பதற்குள் தங்கதுரை குறுக்கே வந்தான். “கூலி கூடக் கேக்குறாகன்னு மட்டும் சொல்லு பாப்பா. மத்தத நான் பாத்துக்கிறேன். உன்னைய இந்த வேலைக்குச் சேத்துவிட்டது யாருன்னு ஞாபகம் வச்சுக்க.”

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்தது. சினிமாவில் அவளுக்கு இதுதான் முதல் வேலை என்று மாரீஸ்வரி கேள்விப்பட்டிருந்தாள். கிருத்திகா வெள்ளைக்காரனைப் பார்த்து இங்கிலீசில் பேச ஆரம்பித்தாள். மாரீஸ்வரிக்கு ஒரு வார்த்தை புரியாது. காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ‘சாந்தம்மாள்’ என்று ஒருமுறை வந்தது. கொஞ்சம் பொறுத்து ‘நெடுங்கண்டம்’ என்று வந்தது. மறுபடியும் ‘சாந்தம்மாள்’. தங்கதுரையின் தாடை இறுகியது. பிள்ளை உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது என்று மாரீஸ்வரிக்குத் தெரிந்தது. அந்த இடத்திலேயே அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

விஷயம் டைரக்டருக்குப் போனது. பெண்கள் இல்லாமல் துரையை மட்டும் மழையில் எடுப்போம், அதற்குள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேறு ஆள் வரட்டும் என்று முடிவானது. ஆள் ஏற்றிவரத் தங்கதுரை ஈஸ்வரனை அனுப்பினான். ஜீப் வளைவில் இறங்கி மறைவதை மாரீஸ்வரி ஸ்டோர் சன்னல் வழியே பார்த்தாள். பெண்கள் ஒருத்தியும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் பாரமாக இருந்தது.

களத்தில் துரை வேஷக்காரர் குடையோடு வந்து நின்றார். மழை வரவில்லை. பம்பில் கோளாறா என்று கத்தினார்கள். பம்புக்குப் பக்கத்தில் ஒரு தக்காளிப் பெட்டிமேல் சூசையப்பன் உட்கார்ந்திருந்தார். திண்டுக்கல் பக்கத்து ஆள். மெட்ராசில் இருபத்திரண்டு வருஷமாகச் சங்கக் கார்டு வைத்திருக்கிற லைட்மேன். இந்தப் படத்தில் மழையும் அவர் பொறுப்பு. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“பம்பு நல்லாத்தான் இருக்கு. நான்தான் நிறுத்துனேன்,” என்றார். “அந்தப் பொம்பளைங்க விஷயம் முடியட்டும். முடிஞ்ச ரெண்டாவது நிமிஷம் ஓடும்.”

கிருத்திகா அதையும் இங்கிலீசில் சொன்னாள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று தூரம் அளந்து தெளிவு பார்க்கிற வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி, கையில் இருந்த நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டாள். ஹேசல் என்று பெயர். ஐம்பத்தெட்டு வயதிருக்கும், ஒட்ட வெட்டிய நரைமுடி, யூனிட்டில் இருந்த லண்டன் சங்கக்காரர்களுக்கு அவள்தான் பிரதிநிதி. தன் ஆட்களை லாரிக்குப் பின்னால் கூட்டிப் பத்து நிமிஷம் பேசினாள். பிறகு லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. லண்டன்காரர்கள் காபிக் குவளையோடு வெயிலில் போய் நின்றார்கள். ஹேசல் ஸ்டோருக்குள் வந்து, கேட்டுவிட்டு, பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள்.

“அந்தம்மா உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறாங்கக்கா,” என்றாள் கிருத்திகா. “நாலு நாளா நீங்க ஈரத்துல நிக்கறத பாத்துட்டுத்தான் இருந்தாங்களாமா. உங்களுக்குன்னு யாரோ பொறுப்பா இருப்பாங்கன்னு நெனச்சுட்டாங்களாமா. எங்க விதி எங்க பட்டியல்ல இருக்கறவங்களுக்கு மட்டும் எழுதுனது, அத நான் யோசிச்சே பாக்கலைங்கறாங்க.”

மாரீஸ்வரி கேட்டாள், அந்தக் கடிகார விதி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று.

ஹேசல் சொல்லச் சொல்லக் கிருத்திகா தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். தொண்ணூறு வருஷத்துக்கு முந்தி லண்டன் ஸ்டூடியோக்களில் விடிய விடிய வேலை வாங்கினார்களாம். வீட்டுக்குப் போக வண்டி இல்லாமல் செட்டிலேயே படுத்துக்கொள்வார்களாம். அப்போதுதான் கேமராக்காரர்களும் ஒலிக்காரர்களுமாகக் கொஞ்சம் பேர் சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். வளர்ந்த பிறகு கார்டு இல்லாமல் ஒருத்தரும் உள்ளே வர முடியாது என்கிற அளவுக்குச் சங்கம் பலமானது. ஆனால் வேலை இருந்தால்தான் கார்டு, கார்டு இருந்தால்தான் வேலை. வெளியே நின்றவர்கள் வெளியேயே நின்றார்கள். ஹேசலின் அம்மா ஃபிலிம் கழுவுகிற லேபில் இருந்தவள். நாள் முழுக்க இருட்டறை. லேபுப் பெண்களுக்குச் சம்பளமும் குறைவு, மேலே போகிற வழியும் அடைப்பு.

“அங்கயும் பொம்பளைக்குக் கொறச்சல்தானா,” என்று பின்வரிசையில் குருவம்மாள் கேட்டாள். அறுபது வயதிலும் காய் எடுக்கிறவள். சிரிப்பு எழுந்தது. கிருத்திகா அதைச் சொன்னதும் ஹேசலும் சிரித்தாள். பெண்கள் தங்கள் சங்கத்தோடேயே சண்டை போட்டுத்தான் அதைப் பேசவைத்தார்கள் என்றாள். எழுபதுகளில் சங்கமே ஒரு பெண்ணை வைத்து, எங்கெங்கே பெண்களை ஒதுக்கியிருக்கிறோம் என்று விசாரித்து அச்சடித்தது. தன் தப்பைத் தானே எழுதிக்கொண்டது மாதிரி என்றாள். அப்படியும் தான் கேமராவைத் தொடப் பத்து வருஷம் ஆனதாம்.

அப்புறம் அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். தனியார் டிவியில் வேலை. ஹேசலுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, 1979இல், அந்த டிவிக்காரர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே நின்றார்கள். நாடு முழுக்க அந்த அலைவரிசையில் படமே இல்லை. மன்னிக்கவும் என்று ஒரு அட்டை மட்டும். பத்து வாரத்துக்கு மேல்.

குருவம்மாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“பத்து வாரம் என்னத்தத் தின்னாக?” என்று கேட்டாள்.

கிருத்திகா கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றாள் ஹேசல். அப்பா பகலில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார். அம்மாவின் லேப் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு, வேறொன்றும் இல்லை. ஜெயித்துத் திரும்பிய அன்றைக்கு அம்மா உருளைக்கிழங்கைப் பார்த்துவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு சர்க்கார் சட்டம் போட்டுக் கார்டின் பலத்தையெல்லாம் உடைத்துவிட்டது. இப்போது எல்லாருமே படத்துக்குப் படம் தனி ஆள், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் புதிதாகச் சண்டை போட வேண்டும் என்றாள்.

“நாங்க பத்தொம்பது நாளு கப்பைக் கெழங்கு,” என்றாள் மாரீஸ்வரி. மூட்டை தூக்க மாட்டோம் என்று இதே வாசலில் உட்கார்ந்த கதையைச் சொன்னாள். பெண்கள் ஆளுக்கொரு வரி சேர்த்தார்கள். போலீஸ் வந்த நாளில் சூளைச் சாம்பலை வழி முழுக்கக் கொட்டியது, மலையாளத்துக்காரப் பெண்கள் கஞ்சிப்பானையோடு ஏறி வந்தது. கிருத்திகாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் ஒரு வரியையும் விடாமல் சொன்னாள். ஹேசல் முழங்காலைக் கட்டிக்கொண்டு, படிப்பாளிகளைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

பதினொரு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். ஈஸ்வரன் மட்டும் இறங்கினான். பின்னால் ஆள் இல்லை. ஒரு பெரிய அலுமினியச் சட்டி இருந்தது. தங்கதுரை என்னவென்று கேட்டதற்கு, கூப்பிட்டேன், எதுக்குன்னு கேட்டாங்க, என் தங்கச்சி ஆஸ்பத்திரியில கெடக்கான்னு சொன்னேன், வரமாட்டேன்னுட்டாங்க என்றான். சட்டியில் அந்தத் தோட்டத்துப் பெண்கள் அவித்துக் கொடுத்த மரவள்ளிக் கப்பை. மேலே காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையல்.

“உங்க ஜீப்பு போச்சே,” என்றாள் மாரீஸ்வரி.

“போகட்டும். பிடி, சூடு கொறையிது.”

அவனை அவள் பார்த்த பார்வையில் இருபது வருஷக் குடித்தனமும் இருந்தது. ஹேசலும் சூசையப்பனும் கிருத்திகாவும் எல்லாரோடும் உட்கார்ந்து இலையில் கப்பை தின்றார்கள். மிளகாய் ஏறி ஹேசலுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது; விடாமல் தின்றாள்.

மூன்று மணிக்குத் தயாரிப்பாளர் மூணாறு ஹோட்டலிலிருந்து வந்தார். அரை மணி நேரம் பேச்சு. கேட்டதெல்லாம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. விடிகாலை வருவதை ஆறரைக்குத்தான் தள்ளினார்கள். ஆனால் ஏழு மணிக்கு யூனிட் வேலையை நிறுத்தினால் பெண்களும் நிறுத்துவார்கள் என்று எழுதினார்கள். மாற்றுச் சேலை, நான்கு கரி அடுப்பு, மத்தியானக் கஞ்சி, களத்தில் ஒரு நர்ஸ். சாந்தம்மாளின் வைத்தியம் முழுக்கக் கம்பெனி பொறுப்பு. கிருத்திகா இரண்டு மொழியிலும் எழுதி, மாரீஸ்வரிக்கு வாசித்துக் காட்டினாள். மாரீஸ்வரி ஒரு வார்த்தையை இரண்டு தடவை திருப்பி வாசிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சூசையப்பன் பெட்டியிலிருந்து எழுந்து பம்பை ஓடவிட்டார். அவர் சொன்னபடி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மறு வாரம் வேறு ஒரு ஜீப் வந்து ஈஸ்வரனின் இடத்தில் ஓடியது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கிருத்திகாவைத் தங்கதுரை அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் கூப்பிடவில்லை. ஹேசல் சொல்லி யூனிட்டே அவளை நேரடியாக எடுத்துக்கொண்டு, தொடர் முடிகிறவரை வைத்திருந்தது. சாந்தம்மாள் பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். மேடு ஏறினால் இப்போதும் இரைக்கும். ஈஸ்வரன் காய் வியாபாரிகளுக்கு ஓட்டி, தவணையை எப்படியோ கட்டுகிறான்.

சித்திரையில் பெண்கள் இருபத்தாறு பேர் ஒரு சங்கம் பதிவு செய்தார்கள். சூசையப்பன் மெட்ராசிலிருந்து பேசி வழி சொன்னார். கிருத்திகா பாலக்காட்டிலிருந்து பஸ் மாறி மாறி வந்து மலையாளத்தில் விண்ணப்பம் எழுதினாள். ஆபீசில் தொழில் என்ன என்று கேட்டதற்கு, படப்பிடிப்புத் தொழிலாளர் என்று சாந்தம்மாள்தான் முந்திக்கொண்டு சொன்னாளாம். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

வைகாசியில் ஒரு காலை, மாரீஸ்வரி வாசலில் கப்பையைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஒரு கார் லயத்துக்கு ஏறி வந்தது. லிபின் என்று ஒரு மலையாளத்துப் பையன். கொச்சிப் படக் கம்பெனிக்கு மேனேஜர். கல்யாணக் காட்சி, அறுபது பெண்கள் வேண்டும், இங்கே மாரீஸ்வரிச் சேச்சியைக் கேட்கச் சொன்னார்கள் என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னான். மாரீஸ்வரி பிரம்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

“சாயங்காலம் எத்தன மணிக்கு விடுவீக?”

அவன் தலையைச் சொறிந்தான். அதெல்லாம் டைரக்டர்தான் சொல்ல வேண்டும் என்றான்.

“அப்ப போயி அவருகிட்டக் கேட்டுட்டு வாங்க,” என்றாள் மாரீஸ்வரி. உள்ளே திரும்பி, “சாந்தம்மா, தம்பிக்கு ஒரு கட்டன் போடு. தூரம் போகணும் அவுக.”